‘இது என்ன கீரைங்க அத்தை?’ – சித்தேரி மலையின் மடிக்கீரையும் மத்துக் கடைசலும்

ஆடியில் விதைத்த சாமை முழங்கால் உயரம் வந்ததும் களையெடுப்பு தொடங்கும். மழை விட்ட காலையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பிடுங்குவார்கள். பிடுங்கியதெல்லாம் வரப்புக்குப் போய்விடாது. ஒரு கை களையை வீசும், இன்னொரு கை சிலவற்றின் கொழுந்தை மட்டும் கிள்ளி இடுப்பில் சொருகிய முந்தானை மடியில் போட்டுக்கொள்ளும். பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது மடி கனத்திருக்கும். ராத்திரிக் களிக்குத் தொட்டுக்கொள்ள அதுதான்.

தர்மபுரி மாவட்டம் அரூருக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகளில் இருக்கிறது சித்தேரி. நாடறிந்த வாச்சாத்தி, இந்த மலையின் அடிவாரத்து ஊர். மேலே 60-க்கும் மேற்பட்ட சிற்றூர்கள், பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. கொல்லிமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, ஏற்காடு என்று இவர்களுடைய உறவு முறை மலை மலையாக நீள்கிறது.

இந்த மடிக்கீரை மலையை விட்டு இறங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மலையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் மஞ்சப்பை நிறையக் கீரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். தர்மபுரியிலோ சேலத்திலோ குடியிருக்கும் வீட்டில் அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தால் அரைக்கீரையும் இல்லை, சிறுகீரையும் இல்லை, பாலக்கும் இல்லை. நீளமாக ஒன்று, உருண்டையாக ஒன்று, தண்டு சிவந்து ஒன்று என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

“இது என்ன கீரைங்க அத்தை?”

“பண்ணை. இது தொய்யக்கீரை. இது பருப்புக்கீரை. அது... அதைத் தூக்கி அந்தாண்ட போடும்மா, அது கீரையே இல்லை.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல வீட்டில் ஓர் அத்தை இருக்கும்வரை கவலை இல்லை. அவர் இல்லாத சமையலறைகள்தான் இப்போது பெருகிக்கொண்டு வருகின்றன.

இங்கே களை, லாகோஸில் காசு

பையில் அதிகம் இருப்பது பண்ணைக்கீரை. ஈட்டி முனை மாதிரி நீண்ட, வழவழப்பான இலை. பூத்துவிட்டால் யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். வெள்ளிப் பளபளப்போடு, நுனியில் மட்டும் ரோஜா நிறம் ஏறிய கதிர். வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கு வைக்கும் கோழிக்கொண்டைப் பூவுக்கு மிக நெருங்கிய சொந்தம். ஆனால் பூக்கும்வரை காத்திருந்தால் கீரை கிடைக்காது. தண்டு முற்றி, இலை சிறுத்து, கசப்பு ஏறிவிடும். பூக்காத செடியைப் பார்த்து அடையாளம் சொல்கிற கண்தான் வேண்டும்.

மானாவாரிக் கொல்லைகளில் கேட்காமல் முளைக்கும் இந்தச் செடியை விவசாயப் புத்தகங்கள் களைகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன. அதே செடியை மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக நைஜீரியாவிலும் பெனினிலும், பாத்தி கட்டி விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, கட்டுக்கட்டாகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘லாகோஸ் ஸ்பினாச்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. யொரூபா மொழிக்காரர்கள் ‘சோக்கோ’ என்பார்கள். வேகவைத்து நீரை வடித்து, மிளகாய், தக்காளி, வெங்காயம், எண்ணெய் சேர்த்துக் குழம்பாக்கி, கிழங்கு மாவுக் களியோடு சாப்பிடுகிறார்கள். களி உருண்டையைக் குழம்பில் தொட்டு விழுங்கும் முறை வரைக்கும் நம் தர்மபுரிச் சாப்பாடுதான்.

நல்லவேளைக் கீரையின் கதை இன்னும் சுவாரஸ்யம். வெள்ளைப் பூவும் ஐவிரல் இலையுமாகக் குப்பைமேட்டிலும் கொல்லை ஓரத்திலும் வளரும். சங்க இலக்கியத்தில் இந்த வேளைக்கீரைக்கு ஓர் இடம் உண்டு, பெருமைக்குரிய இடமாக இல்லாவிட்டாலும். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பசியால் வாடும் பாணர் குடும்பத்துப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று வாசல் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் கேட்டுப் பாடும்போதும் தன் மனைவி குப்பைக்கீரையின் இளந்தளிரைப் பறித்து, உப்பும் மோரும் இல்லாமல் வேகவைத்துத் தின்ற வறுமையைத்தான் சொல்கிறார்.

இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தச் சாத்திய கதவு முழுதாகத் திறக்கவில்லை. ‘காட்டுக்கீரை தின்கிறவர்கள்’ என்று சொல்லிவிடுவார்களோ என்று விருந்தாளி வந்தால் உருளைக்கிழங்கு வாங்கிவரும் வீடுகள் இன்றும் உண்டு. கென்யாவில் இதே நல்லவேளையைப் பாலில் வேகவைத்துக் கசப்பைப் போக்கிச் சாப்பிடுவார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் ஏழை வீட்டுக் கீரையாக இருந்தது, இப்போது நைரோபி சூப்பர் மார்க்கெட்டில் கட்டிவைத்து விற்கிறார்கள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள்

தெரியாத கீரை கைக்கு வந்ததும் பலர் செய்வது, போனில் படம் எடுத்து ஆப்பில் போட்டுப் பெயரைத் தேடுவது. தேடலாம், தப்பில்லை. ஆனால் பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காக அடுப்பைப் பற்றவைத்துவிடக் கூடாது. கீரைக்கு ஊருக்கு ஒரு பெயர். பொன்னாங்கண்ணி என்று ஒருவர் சொல்வது வயலோரத்தில் படரும் நாட்டுச் செடியை, இன்னொருவர் சொல்வது மாடித்தோட்டத்தின் சிவப்புச் சீமைப் பொன்னாங்கண்ணியை. இரண்டும் சாப்பிடக்கூடியவைதான், ஆனால் வேறு வேறு செடிகள். எல்லாப் பெயர்க் குழப்பமும் இப்படி நல்லவிதமாக முடிவதில்லை.

ஊமத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். காய் விட்ட ஊமத்தையைக் குழந்தைக்கும் தெரியும். நாலு இலை விட்ட இளங்கன்று கீரைப் பாத்திக்குள் முளைத்திருந்தால் அவசரத்தில் பறிக்கிற கைக்குத் தெரியாமல் போகலாம். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இதுதான் நடந்தது. பெரிய கடைகளில் விற்ற பாக்கெட் பசலைக்கீரையைச் சாப்பிட்ட 100-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வை மங்கி, நெஞ்சு படபடத்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. வயலில் ஊமத்தை இனச் செடி ஒன்று கீரையோடு வளர்ந்து, இயந்திர அறுவடையில் சேர்ந்து, கழுவி, பாக்கெட் ஆகி, சமையலறை வரை வந்துவிட்டதாகத் தெரிந்தது. அத்தனை இயந்திரங்களைத் தாண்டி வந்த அந்த இலையைச் சித்தேரிக் களையெடுப்பில் ஒரு பாட்டி பார்த்திருந்தால் குனிந்தவாக்கிலேயே வீசியிருப்பார்.

இலை சரியாக இருந்தாலும் சமைக்கும் விதம் தப்பினால் ஆபத்து என்பதற்கு தைவான் உதாரணம். ‘மல்டி வைட்டமின் கீரை’ என்று நம்மூர் மாடித்தோட்டக்காரர்கள் ஆசையாக வளர்க்கும் தவசிக்கீரை, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அன்றாடச் சமையலில் உள்ளது. அங்கே அதை முட்டையோடு வதக்குவார்கள், தேங்காய்ப்பாலில் கொதிக்கவைப்பார்கள். 1990-களின் நடுவில் தைவானில் இது உடம்பு இளைக்கும் மருந்து என்று பெயர் வாங்கியது. சமைக்காமல், பச்சையாக அரைத்துச் சாறாக, வாரக்கணக்கில் குடித்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைத்து மூச்சுத்திணறல் வந்தது. சிலர் இறந்துபோனார்கள், பாதிப்பு ஆறாமலே போனவர்கள் பலர். செடியை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, அதைச் சமைக்கத் தெரிந்த பெண்களின் பழக்கத்தை விட்டுவிட்டு வந்ததன் விலை அது. காலையில் வெறும் வயிற்றில் ஏதாவது ஓர் இலையைப் பச்சையாக அரைத்துக் குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வீடியோக்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அதனால் கீரையைக் கொடுப்பவரிடம் பெயரோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். எந்தப் பருவத்தில் பறிக்க வேண்டும்? வேகவைத்த தண்ணீரைச் சேர்ப்பதா, வடிப்பதா? உங்கள் வீட்டில் நீங்கள் இதைச் சாப்பிடுகிறீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ‘ஆமாம்’ வந்தால் சமைக்கலாம். கீரை எங்கே முளைத்தது என்பதும் முக்கியம். சாக்கடையோரம், நெடுஞ்சாலையோரம், மருந்தடித்த கொல்லை, இந்த மூன்று இடத்தில் பறித்தது எவ்வளவு நல்ல கீரையாக இருந்தாலும் வேண்டாம்.

மத்து எடுங்கள்

இனி கடைசல். தர்மபுரிப் பக்கம் கீரைக்கு முதல் சமையல் இதுதான், பொரியலெல்லாம் அப்புறம். பண்ணைக்கீரை தனியாகவும் செய்யலாம், கலவையாகவும் செய்யலாம். கலவைதான் ருசி. பண்ணைக்கு லேசான கசப்பு, பருப்புக்கீரைக்கு வழவழப்பும் புளிப்பும், தொய்யக்கீரைக்கு மண்வாசம் கலந்த ஓர் இனிப்பு. ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும்.

நாலு பேருக்குக் கிள்ளி எடுத்த இலையும் இளந்தண்டும் சேர்த்து நாலு பெரிய கைப்பிடி வேண்டும். மலைக்கீரையில் மண் ஒட்டியிருக்கும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கீரையை அமுக்கி அலசி, மேலாகக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரோடு சாய்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். மூன்று முறை அலசுங்கள். அலசிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு அலசாதீர்கள்.

அரை டம்ளர் துவரம்பருப்பை மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்கீரை கொஞ்சம் முற்றலாக இருந்தால் அதை மட்டும் தனியாகக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கறுத்த நிறத்தில் இறங்கும், பயப்பட வேண்டாம். கசப்பும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். சத்தும் கொஞ்சம் போகும்தான். கொழுந்தாக இருந்தால் வடிக்கத் தேவையில்லை.

வெந்த பருப்போடு கீரை, பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, காரத்துக்கு நாலைந்து பச்சைமிளகாய், பழுத்த தக்காளி இரண்டு, அரை ஸ்பூன் சீரகம் போட்டு மூடாமல் வேகவிடுங்கள். மூடினால் கீரையின் பச்சை நிறம் மங்கிப்போகும். பருப்புக்கீரை சேர்த்திருந்தால் புளி கொஞ்சமாகப் போதும், இல்லையென்றால் சின்ன நெல்லிக்காய் அளவு. எல்லாம் குழைந்ததும் உப்புப் போட்டு, தண்ணீரைத் தனியே ஒரு கிண்ணத்தில் இறுத்து வைத்துவிட்டு, கீரைச்சட்டியைச் சாய்வாகப் பிடித்து மத்தால் கடைய வேண்டும். மண்சட்டியின் உட்புறச் சொரசொரப்பும் மரமத்தும் உரசித்தான் அந்தப் பதம் வருகிறது. மிக்ஸியில் அரைத்தால் பச்சைக் கூழ்தான் வரும், கடைசல் வராது. மத்து இல்லாதவர்கள் கனமான கரண்டியின் பின்பக்கத்தால் மசிக்கலாம். கடைந்த பின், இறுத்த தண்ணீரைத் தேவையான அளவு திரும்ப ஊற்றிக்கொள்ளுங்கள்.

கடலை எண்ணெயில் கடுகு, இரண்டு காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு தாளித்துக் கொட்டுங்கள். இந்தத் தாளிப்பு வாசனைக்கு மட்டும் இல்லை. கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். தக்காளியும் எலுமிச்சையும் கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகின்றன. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த வேலை கெட்டுவிடும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரும்பைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு சட்டிக் கீரை இதைச் சரிசெய்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது, கீரையின் இரும்பு இறைச்சியின் இரும்பைப்போலச் சுலபமாக உடம்பில் சேர்வதில்லை. ஆனால் வாரத்தில் நாலு நாள் காசில்லாமல் தட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒன்று நின்றுபோவது, அந்தக் கணக்கில் சின்ன விஷயமும் இல்லை.

தொட்டுக்கொள்ளக் கடைசல் ஆயிற்று, தட்டில் என்ன? சாமைச் சோறு வைக்கலாம். ஒரு டம்ளர் சாமையை அரை மணி நேரம் ஊறவைத்து இரண்டேகால் டம்ளர் தண்ணீரில் வேகவைத்தால் உதிரியாக வரும். இல்லை, களி என்றால் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, நடுவில் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டி, துடுப்பால் குழி போட்டு ஆவியில் வேகவிட்டுக் கிளற வேண்டும். தண்ணீர் தொட்ட கையில் மாவு ஒட்டாமல் இருந்தால் பதம். உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து, அதில் கடைசலை ஊற்றிவிட வேண்டியதுதான். களியை மெல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதுதான் டவுனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் பாடம்.

தானியம் வந்தது, கீரை வரவில்லை

2023-ம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டு நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நல்ல செய்திதான். சாமையும் தினையும் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் மரியாதையாக உட்கார்ந்துவிட்டன. ஆனால் அந்தத் தானியங்களோடு அதே கொல்லையில், அதே மழையில் முளைத்த கீரைக்கு ரேஷன் கார்டு கிடையாது. அது மூட்டையில் ஏறாது. பறித்த அன்று மாலைக்குள் வாடிவிடும்.

கொல்லையும் மாறிக்கொண்டிருக்கிறது. சித்தேரிக்கு உறவான கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பெருமளவு மரவள்ளிக்கு மாறியதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல ஆண்டுகள் வேலை செய்து பதிவு செய்திருக்கிறது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும்போது விவசாயி அதைப் பயிரிடுவதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் சாமையில் வருமா?

கீரைக்கு நேரடி எமன் களைக்கொல்லிதான். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயியின் கை மருந்துக்குத்தான் போகும். புல் இனப் பயிர்களுக்கு நடுவே அடிக்கும் 2,4-டி போன்ற மருந்துகள் பயிரை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளைக் கருக்கிவிடும்படி செய்யப்பட்டவை. அகன்ற இலைக் களை என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது யாரை? பண்ணையை, தொய்யக்கீரையை, பருப்புக்கீரையை, நல்லவேளையை. ஒரே வேலையில் களை போகிறது, ராத்திரிக் குழம்பும் போகிறது. கூடவே இன்னொன்றும் போகிறது, யாரும் கணக்கில் எழுதாத ஒன்று. அம்மாவின் பின்னால் வரப்பில் நடந்து, ‘இதைக் கிள்ளு, அதை விடு’ என்று கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொள்ள மகளுக்கு இருந்த ஒரே வகுப்பறை அந்தக் களையெடுப்புதான்.

அப்படிக் கற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் செய்யக்கூடியதும் இருக்கிறது. அடுத்த முறை மலைக்குப் போகிறவர்கள் கீரையை வாங்கிக்கொண்டு திரும்பாமல், ஒரு காலை நேரம் கொல்லைக்குக் கூடவே போய் வரலாம். பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். போனை ஆப்புக்கு அல்லாமல் வீடியோவுக்குப் பயன்படுத்தலாம். இலையைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டி பேசுவதை, முளைத்த நிலையில் ஒன்று, பறிக்கும் பருவத்தில் ஒன்று, பூத்தபின் ஒன்று என்று அப்படியே பதிவு செய்துகொள்ளலாம். பண்ணைக்கீரையின் பழுத்த கதிரைக் கையில் கசக்கினால் கடுகைவிடச் சிறிய, கறுத்த, பளபளப்பான விதைகள் உதிரும். தொட்டியில் மண்ணைப் புரட்டி மேலாகத் தூவி, லேசாக மண் மூடித் தண்ணீர் தெளித்தால் போதும். நாலைந்து வாரத்தில் கிள்ளலாம். லாகோஸ் விவசாயிகளும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் அறுக்கிறார்கள். இரண்டு செடியை மட்டும் கிள்ளாமல் பூக்க விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு விதை வாங்க வேண்டியதில்லை.

மிஞ்சிய கடைசலை என்ன செய்வது என்று கேட்டால் அத்தைகள் சிரிப்பார்கள், கடைசல் மிஞ்சுவதாவது! அப்படியே மிஞ்சினாலும் ராத்திரி நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் சூடாக்கிக் கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு சின்ன வெங்காயம் இருந்தால் போதும்.